எந்த ஃபைலிலும் சேராத கல்!

ஆபீஸில் குப்பை கொட்டுகிறவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியும். தபாலில் ஒரு கடிதம் வரும். எஸ்டாபிளிஷ்மென்ட்டா, அக்கவுன்ட்ஸா, பர்ச்சேஸா, எந்த ஃபைலில் கோப்பது என்றே புரியாது. ஹெட்கிளார்க்கிடம் கொண்டு போனால் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, "'இதர'ன்னு ஒரு ஃபைல் இருக்குல்ல? அதுல போட்டுத் தொலைப்பா!" என்பார். போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். அப்புறம் அந்தக் கடிதத்தை ஆண்டவன்கூடத் தேடமாட்டான்.

உலகத்தின் மிக அருமையான கற்களில் ஒன்று இப்படித்தான் 'இதர' ஃபைலில் கிடக்கிறது. ஆனால் அதில் போட்டவர்கள் டீக்கு அவசரப்பட்டவர்கள் இல்லை. நாசாவிலும் கனடாவிலும் இன்னும் பல ஊர்களிலும் இருந்த கெட்டிக்கார விஞ்ஞானிகள், இரண்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு, வேறு எந்த ஃபைலிலும் சேராது என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிவிட்டுப் போட்டார்கள்.

அந்தக் கல்லின் கதை இது.

2000-ம் வருஷம் ஜனவரி 18-ம் தேதி. காலை 8.43. கனடாவின் வடமேற்குக் கோடி, யூகான் பிரதேசம். குளிர்காலத்தில் அந்தப் பக்கம் சூரியனும் நம்ம ஊர் பெரிய ஆபீசர் மாதிரி லேட்டாகத்தான் வருவார். அன்றைக்கு அவருக்கு முன்னால் வேறொருவர் வந்துவிட்டார். அரைகுறை வெளிச்ச வானத்தில் பளீரென்று ஒரு நெருப்புப் பந்து. வீடுகள் அதிர இடி மாதிரி சத்தம். போன பாதையில் புகைக்கோடு வளைந்து நெளிந்து ரொம்ப நேரம் தொங்கிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் கேமராவும் வீடியோவும் எடுத்து வந்தவர்கள் பலர். (நாமாக இருந்தால் முதலில் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டியிருப்போம்!) மேலே சுற்றிக்கொண்டிருந்த அமெரிக்க ராணுவ சாட்டிலைட்டுகளும் அந்த ஒளியைக் குறித்துக்கொண்டன.

பிற்பாடு கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். வந்தவர் 50 டன்னுக்கு மேல் எடை. சுமார் 4 மீட்டர் அகலம். வேகம் செகண்டுக்குக் கிட்டத்தட்ட 16 கிலோமீட்டர். அதாவது எழும்பூரில் ஏறினால் நாலு செகண்டில் செங்கல்பட்டு! காற்று மண்டலத்தில் மோதி வெடித்தபோது வெளிப்பட்ட சக்தி, ஹிரோஷிமா குண்டில் சுமார் பத்தில் ஒரு பங்கு. 50 டன்னில் பெரும்பகுதி மேலேயே தூளாகிப் போய்விட்டது. மிச்சம் மீதி துண்டு துணுக்குகள், டாகிஷ் ஏரி என்ற நீளமான ஏரியின் டாக்கு கிளைமேல் விழுந்தன.

இங்கேதான் முதல் அதிர்ஷ்டம். ஜனவரி மாதம். ஏரி முழுக்கப் பனிக்கட்டியாக உறைந்து, மேலே வண்டி ஓட்டலாம் என்கிற மாதிரி கெட்டியாக இருந்தது. வெயில் காலத்தில் விழுந்திருந்தால் மொத்தமும் 'ப்ளக்' என்று தண்ணீருக்குள் போயிருக்கும். நான் இந்தக் கட்டுரையும் எழுதியிருக்கமாட்டேன்.

இரண்டாவது அதிர்ஷ்டத்தின் பெயர் ஜிம் புரூக். அந்த ஏரிப் பக்கத்தில் வசித்தவர். ஒரு வாரம் கழித்து, ஜனவரி 25-ம் தேதி, உறைந்த ஏரிமேல் வண்டியில் வந்துகொண்டிருந்தவர் கண்ணில் வெள்ளைப் பனியின்மேல் கறுப்புக் கறுப்பாக என்னவோ பட்டது. இறங்கிப் பார்த்தார். கரித்துண்டு மாதிரி கற்கள்.

நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? கையில் எடுத்து உருட்டிப் பார்த்து, முகர்ந்து, சட்டைப் பையில் போட்டு, வீட்டில் சம்சாரத்திடம் காட்டி, அவர் கையில் வாங்கி, குழந்தை கையில் வாங்கி, கடைசியில் டி.வி. மேல் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்திருப்போம். புரூக் ஒன்றையும் கையால் தொடவில்லை. சுத்தமான பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு, பையாலேயே கல்லை எடுத்து, அப்படியே உள்ளே தள்ளி மூடினார். அன்றும் மறுநாளுமாகப் பல டஜன் துண்டுகள், மொத்தம் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. வீட்டுக்குக் கொண்டு வந்தும் கணப்புப் பக்கத்தில் வைக்கவில்லை. உறைந்தது உறைந்தபடியே இருக்கட்டும் என்று குளிரிலேயே வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் பனி பெய்து, மிச்சத்தையெல்லாம் மூடிவிட்டது.

"ஒரு கல்லுக்கு எதுக்கு ஸார் இவ்வளவு மடி ஆசாரம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதிலுக்கு ஒரு பழைய ஃபிராடு கதை சொல்லவேண்டும்.

1864 மே 14-ம் தேதி ராத்திரி, தெற்கு பிரான்ஸில் ஓர்கெயி என்ற கிராமத்தைச் சுற்றி இதே மாதிரி கறுப்புக் கற்கள் விழுந்தன. எடுத்து மியூசியங்களில் வைத்தார்கள். நூறு வருஷம் கழித்து, 1960-களில், ஒரு கண்ணாடி ஜாடியில் பத்திரமாக மூடியிருந்த துண்டை எடுத்துப் பரிசோதித்தால் உள்ளே ஒரு செடியின் விதை! ஆகா, விண்வெளியிலிருந்து விதையா? எட்வர்ட் ஆண்டர்ஸ் என்ற விஞ்ஞானியின் குழு நோண்டிப் பார்த்தது. விதை அந்த ஊர் கோரைப்புல் வகையைச் சேர்ந்தது. யாரோ ஒரு மகானுபாவர் கல்லைத் தண்ணீரில் குழைத்து, நடுவில் விதையும் நிலக்கரித் துணுக்குகளும் செருகி, மேலே கோந்து பூசி, வானத்தில் எரிந்து வந்த கல்லின் மேல்தோல் மாதிரியே செட்டப் செய்திருந்தார். அப்போது பிரான்ஸில் லூயி பாஸ்டர், 'உயிர் சும்மா தானாக முளைக்காது' என்று வாதாடிக்கொண்டிருந்த சமயம். அவரை மடக்கவோ, அவரோடு சண்டை போட்டவர்களைக் கிண்டல் பண்ணவோ யாரோ செய்த குறும்பு. பாவம், அதை யாரும் கவனிக்கவே இல்லை! ஜோக் சொல்லிவிட்டு நூறு வருஷம் யாராவது சிரிப்பார்களா என்று காத்திருந்த ஆசாமியை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருக்கிறது.

வேண்டுமென்றே செய்தது அது. வேண்டாமலே நடப்பது இன்னும் மோசம். நம் விரல் நுனி வியர்வையிலேயே அமினோ அமிலங்கள் இருக்கின்றன. 1969 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரில் சுமார் 100 கிலோ விழுந்த கறுப்புக் கல்லில் இதுவரை 70-க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கண்டிருக்கிறார்கள். பூமியில் தண்ணீரும், உயிருக்கு வேண்டிய மளிகைச் சாமான்களும் எங்கிருந்து வந்தன என்ற கேள்விக்கு ஒரு பதில், இந்த மாதிரி கற்கள்தான் சப்ளை செய்திருக்கலாம் என்பது. அப்படியானால் கல்லில் இருப்பது வானத்துச் சரக்கா, எடுத்தவர் விரல் சரக்கா என்று தெரிந்தாக வேண்டும். ஒருவர் ஒரே ஒரு தடவை ஆசையாகத் தடவிவிட்டால் போச்சு. அதனால்தான் புரூக்கின் பிளாஸ்டிக் பை பெரிய விஷயம்.

கற்கள் உறைந்த நிலையிலேயே ஹூஸ்டனில் உள்ள நாசா ஆய்வகத்துக்குப் பிரயாணம் செய்தன. அங்கே மைக்கேல் ஸோலென்ஸ்கியும் மற்றவர்களும் இது எந்த இனம் என்று விசாரணையை ஆரம்பித்தார்கள்.

இதற்கிடையில் கனடா கோஷ்டி சும்மா இருக்கவில்லை. கால்கரி பல்கலைக்கழகத்தின் ஆலன் ஹில்டெபிராண்ட், மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தின் பீட்டர் பிரவுன் தலைமையில் ஒரு படை ஏப்ரல், மே மாதங்களில் ஏரிக்குக் கிளம்பியது. பனி உருகத் தொடங்கிவிட்டது. கறுப்புக் கல் வெயிலைக் குடித்துச் சூடாகி, தனக்குக் கீழே இருக்கும் பனியை உருக்கிக்கொண்டு உள்ளே இறங்கிவிடும். மேலே பார்த்தால் சின்ன ஓட்டை, உள்ளே கறுப்புச் சேறு. பல துண்டுகளைப் பனிக்கட்டியோடு சேர்த்து மரம் அறுக்கும் மோட்டார் ரம்பத்தால் அறுத்துத் தூக்கினார்கள். தண்ணீரில் ஊறிய துண்டுகள் கையில் எடுத்தாலே பொலபொலவென்று உதிர்ந்தன. ஏரி முழுசாக உருகுவதற்குள் நூற்றுக்கணக்கான துண்டுகள் கிடைத்தன. இன்றைக்கு உலகம் முழுக்க இந்தக் கல் எல்லாம் சேர்த்தாலும் பத்து கிலோ தேறினால் அதிகம். ஓர் அரிசிப் பை.

சரி, இனம் பிரிப்பதற்கு வருவோம். இதில் லட்டு உதவி செய்யும். நிஜமாகத்தான்.

வானத்திலிருந்து விழும் கற்களில் மிகப் பெரும்பாலானவை 'கான்டிரைட்' வகை. வெட்டிப் பார்த்தால் உள்ளே கடுகளவு, கேழ்வரகு அளவு உருண்டைகள் நிறைய இருக்கும். சுமார் 456 கோடி வருஷங்களுக்கு முன்னால், சூரியனைச் சுற்றித் தூசியும் வாயுவும் சுழன்றுகொண்டிருந்த காலத்தில், தூசி உருகிச் சொட்டுச் சொட்டாக மிதந்து, அப்படியே இறுகி உருண்டையானவை. ஜாரணியிலிருந்து எண்ணெயில் சொட்டும் பூந்தி ஞாபகம் வருகிறதா? பிறகு அந்தப் பூந்திகளும் சுற்றியிருந்த தூசியும் சேர்ந்து அமுங்கி லட்டு. அதுதான் கான்டிரைட். இதில் கார்பன் சரக்கு தூக்கலான கறுப்பு லட்டுகள் தனி ஜாதி, 'கார்பனேஷியஸ் கான்டிரைட்'. கண்ணெதிரே விழுந்து எடுக்கப்படும் கற்களில் நூற்றுக்கு நாலைந்துதான் இந்த ஜாதி.

இந்த ஜாதிக்குள் குடும்பங்கள். பெயர் வைத்த விதம் நம்ம ஊர் இனிஷியல் மாதிரி. முதல் எழுத்து 'சி' பொது, கார்பனேஷியஸ் என்பதற்கு. அடுத்த எழுத்து பெரும்பாலும் அந்தக் குடும்பத்தின் மாதிரிக் கல் விழுந்த ஊர். டான்ஸானியாவின் இவூனாவில் 1938-ல் விழுந்த கல்லை வைத்து 'சி.ஐ.'. உக்ரைனின் மிகெய் ஊர்க் கல்லை வைத்து 'சி.எம்.'. இத்தாலியின் விகரானோவுக்கு 'சி.வி.'. மேலே சொன்ன மர்ச்சிசன் சி.எம். ஓர்கெயி சி.ஐ.

எழுத்துக்குப் பின்னால் ஓர் எண் உண்டு. 1967-ல் வான் ஷ்மஸ், ஜான் வுட் என்ற இருவர் போட்டுக் கொடுத்த முறையை வைத்து இன்றும் ஓட்டுகிறார்கள். எண் 3 என்றால் பூந்தி பிறந்த மேனிக்கு அப்படியே இருக்கிறது. 4, 5, 6 என்று ஏற ஏற, தாய்க் கோளுக்குள் சூட்டில் வெந்து வறுபட்டது. எதிர்ப்பக்கம் 2 என்றால் தண்ணீரில் ஊறியது, தயிரில் போட்ட பூந்தி மாதிரி, பாதி கரைந்து பாதி உருத்தெரிகிறது. 1 என்றால் முழுக்க ஊறிக் கரைந்து பூந்தியே காணோம்.

சி.ஐ. குடும்பம் முழுக்க 1-ம் நம்பர். பூந்தியே இல்லாத லட்டு! பிறகு ஏன் அதைக் கான்டிரைட் என்கிறார்கள்? ஏனென்றால் ரசாயனக் கணக்கில் அது மற்றவர்களுக்கெல்லாம் மூலவர். ஹைட்ரஜன், ஹீலியம் போன்ற வாயுக்களை விட்டுவிட்டுப் பார்த்தால், சூரியனில் எந்தத் தனிமம் எந்த விகிதத்தில் இருக்கிறதோ, கிட்டத்தட்ட அதே விகிதம் இந்தக் கல்லிலும் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டு முடியும்வரை விழும்போதே பார்த்து எடுத்த சி.ஐ. கற்கள் மொத்தம் ஐந்தே ஐந்து. அதில் ஒன்று நம்முடையது. 1911-ல் ராஜஸ்தானின் டோங்க்கில் விழுந்தது, எட்டு கிராம்கூட இல்லை. ராஜஸ்தானுக்கு இதில் ஏதோ ராசி இருக்கிறது. 2017 ஜூன் 6-ம் தேதி விடிகாலை ஜெய்ப்பூர் பக்கம் முகுந்த்புரா கிராமத்து வயலில் சுமார் இரண்டு கிலோவில் ஒரு சி.எம். வந்து இறங்கியது.

இப்போது டாகிஷ் ஏரிக் கல்லை எந்த ஃபைலில் போடுவது?

முதலில் ஒரு துளியை முடியைவிட மெல்லிசாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்தார்கள். கன்னங்கரேல். தேடினால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னப் பூந்திகள். ஆகவே சுத்தமான சி.ஐ. இல்லை, அங்கே பூந்தியே கூடாது. சி.எம். என்று சொல்லலாமா என்றால், அந்தக் குடும்பத்து அளவுக்குப் பூந்தி போதாது. தண்ணீரில் ஊறிய களிமண் கனிமங்கள் இருந்தன, கார்பனேட் உப்புகளும் ஏராளம். அதிலும் ஒரு தகராறு. கல்லின் சில பகுதிகளில் கார்பனேட் கொட்டிக் கிடந்தது, சில பகுதிகளில் அவ்வளவாக இல்லை. ஒரே கல்லுக்குள் இரண்டு கோஷ்டி!

எடைக்குப் போனார்கள். அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.6 கிராம் சொச்சம். நம் வீட்டு அம்மிக்கல் கிரானைட் 2.7. அதுவரை அளந்த விண்கற்களில் இவ்வளவு லேசான, இவ்வளவு இடுக்கு சந்துள்ள கல் கிடையாது. அவ்வளவு பெரிய உருவம் மேலேயே தூளானதன் ரகசியமும் இதுதான்.

ரசாயனம் பார்த்தார்கள். சில தனிமங்களில் சி.எம். சாயல், எளிதில் ஆவியாகும் தனிமங்களில் சி.ஐ.க்கும் சி.எம்.முக்கும் நடுவில். கார்பன் மட்டும் சுமார் 5 சதவிகிதம். பெயரில் கார்பன் இருக்கும் ஜாதியிலேயே இது மகா அதிகம். சூரியனுக்கும் மூத்தவை என்று கருதப்படும் நுண்வைரங்களும் தாராளம். (மோதிரத்துக்கு ஆகாது. பாக்டீரியா பக்கத்தில் வைத்தால் பாக்டீரியா யானை மாதிரி தெரியும்.)

கடைசி அஸ்திரம் ஆக்ஸிஜன் ஜாதகம். ஆக்ஸிஜனில் 16, 17, 18 என்று மூன்று எடையில் அணுக்கள் உண்டு. இந்த மூன்றின் விகிதம் ஒவ்வொரு விண்கல் குடும்பத்துக்கும் ஒவ்வொரு விதம் என்று 1970-களில் சிகாகோவின் ராபர்ட் கிளேட்டன் வழி காட்டினார். ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்தால் ஒவ்வொரு குடும்பமும் தன் தன் திண்ணையில் உட்காரும். முகம் மாறலாம், நிறம் மாறலாம், ஆக்ஸிஜன் ஜாதகத்தை ஏமாற்றுவது கஷ்டம். டாகிஷ் ஏரிக் கல் சி.எம். திண்ணையில் உட்காரவில்லை. சி.ஐ. பக்கம் சாய்ந்த மாதிரி இருந்தது. ஆனால் சி.ஐ.யில் இருக்கக்கூடாத பூந்தியை என்ன செய்வது?

'சி.ஐ.2' என்று ஒரு புது ஸீட் போட்டு உட்கார வைத்துவிடலாமா என்றும் ஒரு யோசனை ஓடியது. ஆபீஸில் நாம் செய்வதுதான். சேராததைப் பக்கத்து ஃபைலில் செருகிவிட்டு மேலே ஒரு குறிப்பு எழுதிவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் விஞ்ஞானத்தில் அடுத்த ஆள் கேட்பான். அந்த ஃபைலை நம்பி ஒருவன் பத்து வருஷம் ஆராய்ச்சி செய்வான். தப்பான ஃபைலில் ஒரு கல் போனால், அந்தக் குடும்பம் எங்கே பிறந்தது, எவ்வளவு தண்ணீர் குடித்தது என்ற கணக்கு மொத்தமும் கோணலாகும்.

2002-ல் ஸோலென்ஸ்கி குழுவினர் தங்கள் முடிவைப் பிரசுரித்தார்கள். சி.ஐ. இல்லை, சி.எம். இல்லை, தெரிந்த வேறு எந்தக் குடும்பமும் இல்லை. 'சி2, குழுவில் சேராதது.'

நம்ம பாஷையில், இதர.

"அப்ப அதுக்கே ஒரு புதுக் குடும்பம் ஆரம்பிச்சிடலாமே?" முடியாது. குறைந்தபட்சம் ஐந்து கற்களாவது ஒரே சாயலில் தேறினால்தான் குடும்பம் என்று ஒப்புக்கொள்வது வழக்கம். ஒற்றை ஆளுக்கு ரேஷன் கார்டு கிடையாது!

இதர ஃபைலில் போட்ட பிறகுதான் கல்லுக்கு மவுசு. 2001-லேயே டகாஹிரோ ஹிரோய் முதலான மூவர், இந்தக் கல்லில் பட்டுத் திரும்பும் ஒளியை விண்கோள்களின் ஒளியோடு ஒப்பிட்டுவிட்டு, இது 'டி' வகைச் சிறுகோள் ஒன்றின் துண்டாக இருக்கலாம் என்றார்கள். கறுத்து, லேசாகச் செம்மை தட்டிய இந்தக் கோள்கள் சிறுகோள் பட்டையின் வெளி ஓரத்திலும் வியாழன் போகும் பாதையிலும்தான் அதிகம். அதுவரை அந்த வட்டாரத்திலிருந்து இன்னதுதான் வந்தது என்று காட்ட ஒரு கல் இல்லை. 2006-ல் நாசாவில் கல்லுக்குள் மைக்ரானுக்கும் சிறிய, உள்ளே காலியான கரிமக் குமிழிகளைக் கண்டார்கள். அவற்றின் ஹைட்ரஜன், நைட்ரஜன் விகிதங்கள், அவை மைனஸ் 250 டிகிரி மாதிரியான குளிரில், சூரியக் குடும்பத்தின் வெளி விளிம்பிலோ அதற்கும் முன்னால் இருந்த மேகத்திலோ உருவாகியிருக்க வேண்டும் என்றன.

புரூக்கின் துண்டுகளில் பெரும்பங்கை 2006-ல் எட்மன்டனில் உள்ள ஆல்பர்ட்டா பல்கலைக்கழகமும், டொரான்டோவின் ராயல் ஒன்டாரியோ மியூசியமும் விலைக்கு வாங்கின. எட்மன்டனில் கிறிஸ் ஹெர்ட் என்பவர் பொறுப்பில் ஓர் உறைபனி அறை. மைனஸ் 10 டிகிரி. அதற்குள் ஆர்கான் வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டி. ஸ்வெட்டர், கோட்டு, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளே போய், பெட்டியில் பொருத்திய இன்னொரு கையுறைக்குள் கையை விட்டுத்தான் கல்லைத் தொடவேண்டும். 2011-ல் ஹெர்ட் குழு நாலு துண்டுகளைப் பரிசோதித்து வெளியிட்ட கட்டுரையில், ஒரே கல்லின் வெவ்வேறு துண்டுகளில் கரிமச் சரக்கும் அமினோ அமிலங்களும் வெவ்வேறு அளவில் இருந்தன. தண்ணீர் எங்கே கூடுதலாக ஊறியதோ அங்கே சமையலும் வேறு. இன்னொன்றும் நிறையக் கிடைத்தது, ஃபார்மிக் அமிலம். எறும்பு கடித்தால் சுரீர் என்கிறதே, அந்தச் சரக்கு. அறைச் சூட்டில் வைத்தால் மெல்ல ஆவியாகிப் போய்விடக்கூடியது. புரூக் அதைக் கணப்புப் பக்கம் வைத்திருந்தால்...?

இத்தனைக்கும் பிறகு மனிதர்கள் ராக்கெட் விட்டே சிறுகோள் மண்ணை அள்ளி வந்தார்கள். 2020 டிசம்பரில் ஜப்பான், ரியூகு கோளிலிருந்து 5.4 கிராம். பார்த்தால் சி.ஐ. சாயல்! 2023 செப்டம்பரில் நாசா, பென்னு கோளிலிருந்து 121.6 கிராம். நாசாவின் செலவு நூறு கோடி டாலருக்கு மேல். தப்பு சொல்லவில்லை, எந்தக் கோள் என்று விலாசத்தோடு வரும் சரக்குக்கு மதிப்பே வேறு. ஆனால் பிளாஸ்டிக் பையோடு ஏரிமேல் இறங்கிய மனிதர் ஒரு கிலோ கொண்டுவந்தார் என்பதையும் சொல்லத்தானே வேண்டும்.

டாகிஷ் ஏரிக் கல் இருபது வருஷம் ஒண்டிக்கட்டையாக இருந்தது. 2020 ஆகஸ்ட் 25-ம் தேதி மொராக்கோவின் தெற்கே டார்டா என்ற ஊர்ப் பக்கம் ஒரு நெருப்புப் பந்து. இந்தத் தடவை ஏரி இல்லை, பாலைவனம். பனி இல்லை, ஆகஸ்ட் வெயில். விண்கல் தேடுகிறவர்கள் நாலா பக்கமிருந்தும் குவிந்து சில கிலோ பொறுக்கினார்கள். ஆய்வகத்தில் பார்த்தால் கறுப்பு, லேசு, பொடிப் பூந்தி, கார்பனேட். ஆக்ஸிஜன் ஜாதகத்தைப் போட்டுப் பார்த்த பிரெஞ்சுக் குழு 2021-ல் சொன்னது: டாகிஷ் ஏரிக்காரருக்கு இது நெருங்கிய சொந்தம்.

அதற்கும் கிடைத்த நம்பர் 'சி2, குழுவில் சேராதது'தான். இதர ஃபைலில் இப்போது இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஐந்து பேர் வேண்டும்.